மாமாவின் மூன்று சொல் ஆங்கிலம்

எனக்கு ஆங்கிலம் தெரியும்.

இந்த வசனத்தை எங்கள் வீட்டில் யாராவது இருக்கும்போது என்னால் சொல்ல முடியாது. சொன்னால் உடனே ஒருவர் எழும்பி, கதவுவரை நடந்து, திரும்பிப் பார்த்து, “ஐ ஆம் கமிங்” என்று பவ்வியமாகச் சொல்லிவிட்டு வெளியே போய்விடுவார். மற்றவர்கள் சிரிப்பார்கள். வந்திருக்கும் விருந்தாளி ஒன்றும் புரியாமல் விழிப்பார். அவருக்காகக் கதை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஒவ்வொரு முறையும் அதில் என் அறிவு கொஞ்சம் குறைந்துகொண்டே வருகிறது. முழுதாகத் தீர்ந்துபோவதற்கு முன் நானே எழுதிவிடுவது நல்லது என்று நினைக்கிறேன்.

அந்தக் காலத்தில் எனக்குப் பெருமை கொஞ்சம் அதிகம். (“கொஞ்சமோ?” என்று மாமி கேட்பது காதில் விழுகிறது.) ஆனால் அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அம்மா தன் பெயரை எழுதப் பழகியதே என்னிடம்தான். அம்மாவின் தம்பியான மாமா, பெருக்கல் வாய்ப்பாடு வருவதற்கு முன்பே கடலுக்குப் போனவர். நான் உயர்தரம் பாஸ் பண்ணியதோடு, ஆங்கிலத்தில் வகுப்பிலேயே கூடிய புள்ளி எடுத்தவள். ரொறன்ரோவுக்கு வந்து, ஸ்காபுறோவில் மாமா வீட்டில் தங்கியபோது அந்த வீட்டின் மொழிபெயர்ப்பாளர் பதவி போட்டியின்றி எனக்கே கிடைத்தது. மாமியைப் பல் வைத்தியரிடம் கூட்டிப்போவதும் நான்தான். “வேருக்கு வைத்தியம் செய்யவேணுமாம் மாமி” என்று நான் சொல்லும் தோரணையைப் பார்த்தால், அந்த வேரை நானே கண்டுபிடித்தேன் என்று நினைப்பீர்கள்.

சண்டை முடிந்து சில கிழமைகள்தான் ஆகியிருந்தன. அப்பா நான் சிறுமியாக இருக்கும்போதே காலமாகிவிட்டார். அம்மா வன்னியிலிருந்து தப்பி வந்து வவுனியா முகாமில் இருந்தார். உயிரோடு இருக்கிறார் என்பதே, யாரோ ஒருவரின் கைத்தொலைபேசியில் அவர் பேசிய அரை நிமிடப் பேச்சில்தான் எங்களுக்குத் தெரிந்தது. அந்த அரை நிமிடத்தில் பாதியை அவர் “சாப்பிட்டனியா பிள்ளை?” என்று கேட்பதில் செலவழித்தார். முகாமில் இருந்தவர் அவர். கோப்பிக் கடையில் டோனட் விற்றுக்கொண்டிருந்தவள் நான்.

அம்மாவை இங்கே கூப்பிட வேண்டும். அதற்கு எனக்கு நிரந்தர வேலை வேண்டும். டோனட் கடையின் அரைநேரச் சம்பளத்தை ஸ்பொன்சர் அலுவலகத்தில் காட்டினால் அவர்கள் எனக்குத்தான் உதவித்தொகை தருவார்கள்.

அப்படித் தேடிக்கொண்டிருக்கும்போதுதான் அந்த நேர்முகத் தேர்வு வந்தது. கடைகளில் ஆட்கள் வாங்கும் சோபா, கட்டில், அலுமாரிகளை லொறியில் கொண்டுபோய் வீடுகளில் இறக்கும் கம்பெனி. தொலைபேசியில் வாடிக்கையாளர்களோடு பேசுவதுதான் வேலை. லொறி வருகிறதா, எத்தனை மணிக்கு வருகிறது, ஏன் வரவில்லை, இவற்றைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். எனக்கென்றே செய்த வேலை என்று நினைத்தேன்.

விண்ணப்பத்தில் வீட்டுத் தொலைபேசி இலக்கத்தைத்தான் கொடுத்தேன். என் கைத்தொலைபேசியின் இலக்கத்தை அப்போது யாருக்கும் கொடுப்பதில்லை. அது அம்மாவுக்கு. அவருக்கு யாராவது தொலைபேசி இரவல் கொடுக்கும் அந்த ஒரு கணத்தில் என் லைன் வேறு யாருக்காகவும் பிசியாக இருக்கக் கூடாது. (இந்தக் கதை இவ்வளவு தூரம் கெட்டுப்போனதற்கு இதுவும் ஒரு காரணம்.)

அன்று காலை மாமி தன்னுடைய கோட்டைக் கொண்டுவந்து நீட்டினார். அரக்கு நிறம், பெரிய பொத்தான்கள். கலியாண வீடுகளுக்கு மட்டும் வெளியே வரும் கோட்.

“மாமி, வெளியில நல்ல வெயில்.”

“உந்த வெயிலை நம்பாதை. ரொறன்ரோ வெயில் மருமகள் மாதிரி. விடியச் சிரிக்கும், பின்னேரம் முகத்தைத் தூக்கி வைச்சிருக்கும்.”

“உங்களுக்கு மருமகளே இல்லையே.”

“அதுதான் தைரியமாச் சொல்லுறன். போடு. கோட் போட்ட ஆளுக்குத்தான் ஒஃபீஸ்காரர் மரியாதை குடுப்பினம்.”

போட்டேன். பஸ்ஸில் எல்லோரும் கையில்லாத சட்டையோடு இருக்க, நான் மட்டும் வடதுருவத்துக்குப் போகும் வழியில் ஏறியவள் போல உட்கார்ந்திருந்தேன். அலுவலகத்துக்குள் போனதும் முதல் வேலையாக அதைக் கழற்றிக் கதவுக்குப் பக்கத்தில் இருந்த கொளுவியில் மாட்டினேன்.

என்னை இரண்டு பேர் கேள்வி கேட்டார்கள். ஒருவர் மனேஜர் பற்றீஷியா. மெல்லிய, சுறுசுறுப்பான அம்மையார். மற்றவர் லொறிகளுக்குப் பொறுப்பான ஜோர்ஜ். முன்பு தானே லொறி ஓட்டியவர். அவர் உட்கார்ந்தால் கதிரை ஒரு தரம் முனகும். நான் எல்லாவற்றுக்கும் நிமிர்ந்து உட்கார்ந்து, முழு வசனத்தில் பதில் சொன்னேன். “வாடிக்கையாளர் கத்தினால் என்ன செய்வாய்?” என்று ஜோர்ஜ் கேட்டார். “பொறுமையாகக் கேட்பேன் சேர். எங்கள் வீட்டில் தினமும் அதுதான் நடக்கிறது” என்றேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு வேலை என் கைக்கு வந்துவிட்டது என்றே முடிவு செய்தேன்.

பிறகு பற்றீஷியா, “எங்களிடம் கேட்க உனக்கு ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டார். நேர்முகத் தேர்வில் இதுதான் கடைசிக் கேள்வி என்று டோனட் கடையில் ஒரு பெண் எனக்குச் சொல்லித் தந்திருந்தாள். சம்பளம், நேரம், விடுமுறை எல்லாம் இதற்குப் பிறகுதான் பேசுவார்கள் என்பதை அவள் சொல்லவில்லை. (அவளும் டோனட் கடையில்தானே இருந்தாள்.)

நான் எழும்பினேன். “ஒன்றும் இல்லை. நன்றி” என்றேன். பிறகு புன்னகையோடு, மிகத் தெளிவாக, “ஐ ஆம் கமிங்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்து பஸ் ஏறிவிட்டேன்.

இந்த இடத்தில் என்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வார்த்தை. ‘கோ, வென்ற், கோன்’ எல்லாம் என்னை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தெரியாமல் சொன்னதல்ல. ஆனால் ஒரு வாசலில் நின்றுகொண்டு ‘போறன்’ என்று சொல்ல எனக்கு எந்த மொழியிலும் வாய் வராது. நம் ஆட்கள் யாருக்குத்தான் வரும்? அதுவும் அந்த வருடம். யார் யார் ‘போயிட்டினம்’ என்ற செய்தி அந்த வீட்டுத் தொலைபேசியில் வந்துகொண்டே இருந்தது. மாமி தண்ணீர் எடுக்கக் குசினிக்குப் போனால்கூட “வாறன்” என்று சொல்லிவிட்டுத்தான் எழும்புவார். நாங்களும் “ஓம், வாங்கோ” என்போம். அப்படி இருந்தது வீடு.

இது எதுவும் பற்றீஷியாவுக்கும் ஜோர்ஜுக்கும் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், பேச்சு முடிவதற்கு முன் ஒரு பெண் “இதோ வருகிறேன்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள், அவளுடைய விலை உயர்ந்த கோட் கொளுவியில் தொங்குகிறது என்பதுதான்.

அவர்கள் காத்திருந்தார்கள்.

நான் தமிழ்க் கடை வாசலில் பஸ்ஸால் இறங்கினேன். கடைக்கார அண்ணை என்னைப் பார்த்ததும், “என்ன பிள்ளை, முகத்தில லைற் எரியுது?” என்றார்.

“இன்ரவியூவுக்குப் போட்டு வாறன் அண்ணை.”

“சரிவந்திட்டுதோ?”

“சரி மாதிரித்தான்.”

“அப்ப மட்டன் ரோல்ஸ் ஒரு பெட்டி எடன். சூடா இருக்கு.”

எடுத்தேன். அங்கே நின்ற இரண்டு அன்ரிமாருக்கும் என் வருங்கால வேலையைப் பற்றி விளக்கினேன். ஒருவர், “ஒஃபீசிலயோ? ஏசி ரூமோ?” என்றார். “தனிக் கதிரை” என்றேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது மாமா இடுப்பில் கட்டிய சாரத்தோடு சோபாவில் உட்கார்ந்து தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். பிறம்ரனில் ஒரு பண்டகசாலையில் அவருக்கு இரவு வேலை. பகலில்தான் தூக்கம். அந்தத் தூக்கத்தைக் கலைப்பவர்களை அவர் எளிதில் மன்னிப்பதில்லை.

“உன்ர ஒஃபீசில இருந்து எடுத்தவங்கள்” என்றார்.

“எப்ப மாமா?”

“எப்பவோ? திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தவங்கள். கண்ணை மூட விடேல்லை.”

“என்ன கேட்டவங்கள்?”

“நீ வாறியோ எண்டு.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

மாமா என்னை அற்பமாகப் பார்த்தார். “நீ வீட்டுக்கு வந்துகொண்டுதானே இருந்தனி? அதைத்தான் சொன்னன். ‘ஷீ இஸ் கமிங்’ எண்டு. திரும்ப எடுத்தாங்கள், ‘ஷீ இஸ் கமிங், ஷீ இஸ் கமிங்’ எண்டன். பிறகும் எடுத்தாங்கள். எனக்கு விசர் வந்திட்டுது. ‘ஐ டோல்ட் யூ, ஷீ இஸ் கமிங்!’ எண்டு கத்திப்போட்டு வைச்சிட்டன்.”

மாமாவின் ஆங்கிலத்தில் ஒரு இலக்கணப் பிழையும் இல்லை என்பதைக் கவனியுங்கள். உண்மை மட்டும்தான் இல்லை.

ஆனால் அந்த நேரத்தில் எனக்கு இதெல்லாம் எங்கே தெரிந்தது? நேர்முகத் தேர்வு முடிந்து வீடு வந்து சேர்வதற்குள் இத்தனை தரம் எடுத்து, வேலைக்கு வருகிறாளா என்று கேட்கிறார்கள்! இப்படி ஒரு தவிப்பை நான் கேள்விப்பட்டதே இல்லை. உடனே மாமி வேலை செய்யும் பேக்கரிக்கு அழைத்து, அவரைக் கூப்பிடச் சொன்னேன்.

“மாமி, வேலை கிடைச்சிட்டுது! கெஞ்சாத குறையாக் கூப்பிடுறாங்கள்!”

“பிள்ளையாரப்பா!” என்று மாமி அழவே தொடங்கிவிட்டார். “நான் சொன்னனான்தானே? எல்லாம் என்ர கோட்டின்ர ராசி! இனி உன்ர கொம்மாவைக் கூப்பிடலாம் பிள்ளை, கொம்மாவைக் கூப்பிடலாம்.” அதற்குப் பின்னால் பேக்கரியில் யாரோ கைதட்டும் சத்தம் கேட்டது.

நானும் மாமாவும் ஆளுக்கு இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டோம். அப்போது மாமாவின் மகள் துஷி பள்ளிக்கூடத்தால் வந்தாள். ஸ்காபுறோவில் பிறந்தவள், பதினோராம் வகுப்பு. அன்று பரீட்சை என்பதால் அரைநாளோடு விட்டுவிட்டார்கள். நான் நடந்ததை ஒன்று விடாமல், பெருமை சொட்டச் சொட்டச் சொன்னேன். அவள் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டாள். ஒரு இடத்தில் கை நின்றது.

“வெயிட், வெயிட். மச்சாள், வெளிக்கிடேக்க எக்ஸாக்ட்லி என்ன சொன்னனீங்கள்?”

“தாங்க் யூ எண்டு சொன்னன்.”

“அதுக்குப் பிறகு?”

“ஐ ஆம் கமிங்.”

துஷி என்னைப் பார்த்தாள். தகப்பனைப் பார்த்தாள். “அப்பா, நீங்க போனில என்ன சொன்னனீங்கள்?”

“ஷீ இஸ் கமிங்.”

துஷி ஒரு சப்பாத்தோடு அப்படியே தரையில் விழுந்தாள். பரீட்சைக் களைப்பில் மயங்கிவிட்டாள் என்று மாமா பயந்து தண்ணீர் எடுக்க ஓடினார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டாள். “ஓ மை காட், மச்சாள்! தே ஆர் ஸ்டில் வெயிட்டிங்! அவை உங்களுக்காக வெயிட் பண்ணிக்கொண்டு இருக்கினம்!”

எனக்கு மெல்ல மெல்ல விளங்கத் தொடங்கியது. பேக்கரி முழுக்கச் செய்தி போய்விட்டது. கடைக்கு வந்த இரண்டு அன்ரிமார் இந்நேரம் பிக்கரிங்வரை பரப்பியிருப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘கொம்மாவைக் கூப்பிடலாம்’ என்று மாமி அழுத அழுகை இன்னும் காதுக்குள் இருந்தது. வேலை இல்லை. இனிக் கிடைக்கவும் மாட்டாது.

துஷி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். சுற்றிப் பார்த்தாள். “மச்சாள்... அம்மான்ர கோட் எங்க?”

மாமா தண்ணீர்க் கிளாசைக் கீழே வைத்தார். வேலை போனதற்கு அவர் அவ்வளவு கலங்கவில்லை. கோட் என்றதும் முகம் வெளிறிவிட்டது. “எழும்பு பிள்ளை. காரை எடுக்கிறன். உன்ர மாமி வாறதுக்கிடையில அது வீட்டில இருக்கவேணும்.”

“மாமா, சாரத்தை மாத்துங்கோ.”

“நான் காருக்குள்ளதானே இருக்கப்போறன்? ஆர் பாக்கினம்?”

சாரத்துக்கு மேல் ஒரு ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு புறப்பட்டார். அவசரத்தில் நான் ரோல்ஸ் பெட்டியையும் கையில் பிடித்தபடியே காரில் ஏறிவிட்டேன். வழிநெடுக மன்னிப்பு வசனங்களைச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் இலக்கணச் சுத்தமாக இருந்தது. ஒன்றும் உதவும் போலத் தெரியவில்லை.

நான் உள்ளே நுழைந்தபோது பற்றீஷியா கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு அறை வாசலில் நின்றார். என்னைக் கண்டதும் அவர் முகத்தில் முதலில் வந்தது நிம்மதி. பொலிசுக்குச் சொல்வதா என்று பேசிக்கொண்டிருந்தார்களாம். வோஷ்றூமில் ஒவ்வொரு கதவாகத் தட்டியிருக்கிறார்கள். ஜோர்ஜ் கார்த் தரிப்பிடம் முழுக்கத் தேடியிருக்கிறார். வீட்டுக்கு அழைத்தால் ஒரு மனிதர் வருகிறாள், வருகிறாள் என்கிறார், பிறகு கத்துகிறார். அடுத்து வந்த ஆளைக்கூட என் கோட்டுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் கேள்வி கேட்டார்களாம்.

நான் சொன்னேன். மனப்பாடம் செய்த வசனம் எதுவும் வரவில்லை. எங்கள் மொழியில் விடைபெறும்போது ‘வருகிறேன்’ என்றுதான் சொல்வோம், போய்விட்டுத் திரும்பி வருவேன் என்று அர்த்தம், இன்றைக்கே வருவேன் என்று அர்த்தமில்லை, என்று திக்கித் திக்கிச் சொன்னேன்.

பற்றீஷியா நெற்றியைத் தடவினார். “ஆக, நீ வருகிறேன் என்று சொன்னால், நீ வரவில்லை.”

“ஓம். நோ. யெஸ்.”

“உண்மையிலேயே வரும்போது என்ன சொல்வாய்?”

“அப்போதும் அதையேதான்.”

ஜோர்ஜின் கதிரை முனகியது. “இந்த வேலை என்ன என்று தெரியும்தானே? எங்கள் வாடிக்கையாளர்களுக்கு எங்களிடம் இருக்கும் ஒரே ஒரு முறைப்பாடு, நாங்கள் வருகிறோம் என்று சொல்லிவிட்டு வருவதில்லை என்பதுதான்.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பற்றீஷியா கொஞ்சம் இளகிய குரலில், “ஐ ஆம் கோயிங் என்று சொல்லிப் பழகினால் போகிறது. அதில் என்ன கஷ்டம்?” என்றார்.

அதில் என்ன கஷ்டம் என்று நானும் சொல்லித்தான் பார்த்தேன். “ஐ ஆம்” வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. “என் அம்மா முகாமில் இருக்கிறார்” என்றேன். “எங்கள் வீட்டில் இப்போது யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை.”

ஜோர்ஜ் தன் பெரிய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கதவு திறந்தது. சாரமும் ஜக்கெற்றுமாக மாமா. கையில் ரோல்ஸ் பெட்டி. நான் காரில் விட்டுவிட்டு வந்ததைப் பார்த்து, கோட்டை வாங்கப் போகும் இடத்துக்கு வெறுங்கையோடு போனால் தர மாட்டார்கள் என்று யோசித்துக் கொண்டுவந்தாராம்.

“ஹலோ சேர்” என்றார்.

ஜோர்ஜ் துள்ளி எழுந்தார். “இவர்தான்! இந்தக் குரல்தான்!”

மாமாவுக்கு ஒரே சந்தோஷம். மூன்று தரம் சொல்லியும் நம்பாத ஆட்கள் இப்போது கண்ணால் பார்க்கட்டும் என்ற நிமிர்வோடு என்னைக் கைகாட்டினார். “ஸீ? ஷீ இஸ் கமிங்!”

முதலில் பற்றீஷியாதான் சிரித்தார். மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை. பிறகு ஜோர்ஜ். பிறகு என்னவென்று தெரியாமலே மாமா. நான் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் மாமாவிடமிருந்து பெட்டியை வாங்கித் திறந்து நீட்டினேன். மத்தியானச் சாப்பாட்டையும் எனக்காகத் தள்ளிப்போட்டிருந்தார்களாம். ஜோர்ஜ் ஒரு ரோல்ஸை இரண்டு கடியில் முடித்தார். உறைப்பில் காது சிவந்தது. இன்னொன்றை எடுத்துக்கொண்டே பற்றீஷியாவிடம் சொன்னார்:

“எப்படிப் பார்த்தாலும் வருகிறேன் என்று சொன்னாள். வந்துவிட்டாள். சில மணித்தியாலம் பிந்திவிட்டாள். எங்கள் லொறிகளைவிட இவள் எவ்வளவோ பரவாயில்லை.”

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வரச் சொன்னார்கள். கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, இந்த முறை பையையும் பெட்டியையும் மாமாவையும் சரிபார்த்துக்கொண்டு, வாசலில் நின்றேன். வாயைத் திறந்து மூடினேன். பற்றீஷியா, “உன் மொழியில் எப்படியோ அப்படியே சொல்லிவிட்டுப் போ. எங்களுக்கு இப்போது விளங்கும்” என்றார்.

“ஐ ஆம் கமிங்” என்றேன்.

இன்றும் அந்த அலுவலகத்தில்தான் இருக்கிறேன். ஐந்து மணியானால் ஜோர்ஜ் தொப்பியை மாட்டிக்கொண்டு “ஐ ஆம் கமிங்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவார். புதிதாகச் சேர்ந்தவர்கள் கொஞ்ச நேரம் அவருக்காகக் காத்திருந்து ஏமாறுவது அங்கே ஒரு சடங்கு. எனக்கு வேலை வாங்கித் தந்தது தன் கோட்தான் என்று மாமி இன்றுவரை சாதிக்கிறார். ஆனால் அதற்குப் பிறகு அதை எனக்கு இரவல் தந்ததில்லை.

அம்மாவுக்கும் இந்தக் கதை தெரியும். முகாமிலிருந்து வெளியே வந்த பிறகு, தொலைபேசியில் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்பார். மாமா கத்திய இடத்தில் ஒவ்வொரு முறையும் சிரிப்பார். கடைசியில், “சரி பிள்ளை, வாறன்” என்று வைப்பார். அது வெறுமனே விடைபெறும் சொல்லாகவே சில வருடங்கள் இருந்தது. ஸ்பொன்சர் அலுவலகம் எங்கள் லொறிகளைவிட மெதுவாக வேலை செய்தது.

பிறகு ஒரு நாள் பின்னேரம் நாங்கள் எல்லோரும் விமான நிலையத்தில், ஆட்கள் வெளியே வரும் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்றோம். மாமி அந்தக் கோட்டைப் போட்டிருந்தார். கதவு திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. யார் யாரோ வந்தார்கள். அப்போது எங்கள் எல்லோரையும்விட உயரமான மாமா, கூட்டத்துக்கு மேலால் எட்டிப் பார்த்து, பாதித் தூக்கத்தில் தொலைபேசியில் கத்திய அதே குரலில், விமான நிலையம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்:

“ஷீ இஸ் கமிங்!”

அன்றைக்கு மாமாவின் ஆங்கிலத்தில் இலக்கணமும் சரியாக இருந்தது. உண்மையும் இருந்தது.